விளக்கெண்ணெய் விட்ட மிஷின்

எலவனாசூர்கோட்டை
14.7.1987

அன்பு மகள் ஆண்டாளுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உனக்கு ஜுரம் விட்டதா இல்லையா என்று தெரியாமல் எங்கள் சுகத்தை எழுதி என்ன ஆகப்போகிறது. பூனாவிலிருந்து நீ போட்ட கார்டு வியாழக்கிழமை வந்தது. நாலே வரி. ஜுரம் அடிக்கிறது, பகலெல்லாம் கம்பெனி வேலை, சாயங்காலம் ஷார்ட்ஹேண்ட் கிளாஸ், உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன், டிசம்பருக்குள் பாஸ் பண்ணாவிட்டால் வேலை நிலைக்காதாம், நான் வந்துவிடட்டுமா அப்பா என்று கேட்டிருக்கிறாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எம்புள்ள ஜுரத்தோட எங்க கெடக்குதோ, வரச் சொல்லி எழுதுய்யா, இன்னாத்துக்கு யோசிச்சிக்கினு கீற என்று பிடித்துக்கொண்டாள். அவளுக்கென்ன, நீ வந்து இறங்கிய மறுவாரமே அவள் தம்பி சுப்புராயன் உன்னைப் பெண் கேட்டுத் தட்டோடு வந்து நிற்பான். அவர்கள் அத்தனை பேரும் ஒரு பக்கம் நின்றால் நான் ஒருவன் என்ன தடுத்துவிட முடியும், அதனால் வா என்று எழுதப் பேனா ஓடவில்லை.

சரி, இரு, தைரியமாகப் படி என்று எழுதலாமென்றால் அதற்கும் கை கூசுகிறது. பகலில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலம் டைப்ரைட்டிங் கற்று லோயர் பரீட்சை பாஸ் பண்ணினேன் என்று உன் சின்ன வயதிலிருந்து சொல்லி வந்திருக்கிறேனே, அது பொய்யம்மா. கிளாசுக்குப் போனது நிஜம். உளுந்தூர்பேட்டையில் ஒரு ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது, டைப் பாஸ் பண்ணினால்தான் வேலை நிலைக்கும் என்றார்கள். ஆபீஸ் விட்டதும் கிளாசில் எனக்கு ஒதுக்கிய ஆறு மணி மிஷினுக்கு ஓடுவேன், காலையில் குடித்த கூழோடு சரி. இன்னாடா பிச்சமுத்து, வெரலு மிஷின்ல கீது, கண்ணு எங்க கீது என்று மாஸ்டர் நாராயணசாமி ஸ்கேலால் தட்டுவார். ஒன்பது மாதம் போனேன். அந்தக் காலத்தில் நாம் பழகிய மிஷினையே பரீட்சை ஹாலுக்குக் கொண்டுபோவார்கள். முந்தின சாயங்காலம் மிஷினைச் சாக்கில் சுற்றிக் கட்டச் சொன்னார்கள். நன்றாக ஓடட்டுமே என்று, வண்டி அச்சுக்கு விடுகிற விளக்கெண்ணெயை யாருக்கும் தெரியாமல் அதற்குள் விட்டேன். மாட்டு வண்டியைத் தவிர வேறொன்றும் தொட்டறியாத வீட்டில் பிறந்தவனுக்கு அது தப்பென்று தெரியவில்லை. சாக்குத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிட்டது. பரீட்சையில் அடித்தால் எழுத்துக் கம்பி மேலே போகிறது, திரும்ப இறங்கவில்லை. ஒவ்வொன்றாக விரலால் பிரித்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் நாலு வரி. வேலை போயிற்று. நானாக விட்டுவிட்டு ரைஸ் மில்லில் சேர்ந்தேன் என்று சொன்னதும் பொய்தான். ஃபெயிலான நான் உன்னைப் படி படி என்று அத்தனை தூரம் விரட்டிவிட்டேன், நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வா என்றும் சொல்ல முடியவில்லை, இரு என்றும் சொல்ல முடியவில்லை, நீ என்னைக் கேட்டு என்ன பிரயோசனம் சொல். ஜுரம் அடிக்கிற அன்று கிளாசுக்குப் போகாதே, கஞ்சி வைத்துக் குடி. நம் அய்யனார் உனக்குத் துணை இருக்கட்டும், நூறு வயது நன்றாக இரு. அம்மாவுக்கு இந்தக் கதை தெரியாது, பதில் எழுதும்போது ஞாபகம் வை. பாஸ் பண்ணாமல் வந்தாலும் சரி, பரீட்சை எழுதாமலே வந்தாலும் சரி, ஊருக்குள் தனியாக நடந்து போகாதே, வேலை போன அன்று நான் அப்படித்தான் போனேன். உளுந்தூர்பேட்டையில் இறங்கி நேரே மில்லுக்கு வா, சேர்ந்து வீட்டுக்குப் போவோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. பிச்சைமுத்து