மாரியின் காகிதங்களுக்கு ஒரு டப்பா

என் மாரிக்கண்ணு,

ஷிப்ட் முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உடம்பு அலுப்பு என்றால் தூங்கிச் சரிபண்ணிவிடலாம். இது அது இல்லை. காய்ச்சல் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராத நாளிலிருந்து நானும் கம்பெனி பஸ் ஏறுகிறேன், லைனில் நிற்கிறேன், பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். அவ்வளவுதான்டி.

உன் காகிதமெல்லாம் நம் ரூம் சுவரோரம் அப்படியே கிடந்தது. கல்யாணப் பத்திரிகை, ஸ்வீட் பாக்ஸ் அட்டை, ஜவுளிக்கடைப் பை, பார்ட்ஸ் சுற்றி வந்து கிழித்துப் போடுகிற பழுப்புத் தாள். ஒரகடத்தில் எங்கே என்ன கிடந்தாலும் குனிந்து எடுத்து, "எக்கா, இந்தக் கலரப் பாரேன்" என்பாய். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். அதையே நீ வெட்டி ஒட்டிப் படமாக்கிக் கொண்டுவந்தால், சிரித்தவர்களே எனக்கொன்று, உனக்கொன்று என்று சண்டை போடுவார்கள்.

போன வாரம் வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்றார். "ஒண்ணாந்தேதி வேற பொண்ணு வருது. இந்தக் காயிதத்த இன்னும் இன்னாத்துக்கு வச்சிக்கினு கீற? எலி வந்துகினு கீது. போட்டுக் கொளுத்தும்மா."

கொளுத்து என்றதும் எனக்கு வந்ததே ஆத்திரம்! "அது எங்க மாரி பொருளு. அவங்கம்மா ஞாயித்துக்கெழம வர்றாங்க. அவங்க கைல குடுத்துட்டுதான் மறுவேல" என்று கதவைச் சாத்தினேன். பிறகு சங்கடமாகிவிட்டது. நீ காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது அந்தம்மாதானே.

வீம்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம். "குப்ப பொறுக்கவா அம்புட்டுத் தூரம் போன?" என்று உன் அம்மா போனில் ஏசியதை நீயே சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறாய். செத்தவர் துணிமணியையே எரித்துவிடுகிறார்கள், காகிதத்தையா விட்டுவைப்பார்கள்? சாக்கில் கட்டிக் கொடுத்தால் உங்கள் ஊர் சங்கரன்கோவில் போய்ச் சேர்வதற்குள் குப்பையாகிவிடும். நல்ல டப்பாவில் போட்டுக் கொடுத்தால் பத்திரப்படுத்தத் தோன்றும் என்று ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிளாஸ்டிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் "அரிசிக்கா, துணிக்கா?" என்றார். காகிதத்துக்கு என்றேன். "காயிதத்துக்கா? அதுக்கு எதுக்கும்மா டப்பா?" என்று ஒரு மாதிரிப் பார்த்தார். நான் டப்பா அடுக்கியிருந்த பக்கம் திரும்பிக்கொண்டேன். வாய் திறந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

டப்பா பார்ப்பதில் இவ்வளவு யோசனை இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னது? மூடி போட்ட பக்கெட் அழகாயிருந்தது. ஆனால் தாளைச் சுருட்டினால் மடிந்து கோடு விழும், அதுவும் போக, நல்ல பக்கெட் கிடைத்தால் எந்த அம்மா சும்மா விடுவாள்? காகிதத்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் பிடிப்பாள். எவர்சில்வர் சம்படம் என்றால் கேட்கவே வேண்டாம், மறுநாளே முறுக்குக்குப் போய்விடும். அட்டைப்பெட்டி கரையானுக்கு. கடைசியில் தாளை மடிக்காமல் படுக்க வைக்கிற மாதிரி அகலமாக, தட்டையாக, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மூன்று டப்பாக்கள் எடுத்தேன். அந்த நிறங்களைப் பார்த்தாலாவது அம்மாவுக்குக் கொட்ட மனசு வராது என்று ஒரு நப்பாசை.

அப்புறம்தான் அந்தக் கிறுக்குத்தனம் செய்தேன். எல்லாம் லைனில் நின்ற புத்தி. எதைக் கண்டாலும் வகை பிரித்து, அதது இடத்தில் போட்டு, மேலே லேபிள் ஒட்டினால்தான் கை அடங்கும். ஒரு படத்துக்கு வேண்டிய தாளையெல்லாம் ஒரே கேரி கவரில் முடிந்துவைப்பாயே, அத்தனை கவரையும் அவிழ்த்துக் கொட்டினேன். சிவப்பும் மஞ்சளும் ஒன்றில், நீலமும் பச்சையும் ஒன்றில், மினுமினுப்பு தனி. சூப்பர்வைசர் பார்த்திருந்தால் என்னை முன்னால் நிற்க வைத்துக் கை தட்டியிருப்பார்.

வேலை முடித்துக் கட்டிலுக்கடியில் பெருக்கும்போதுதான் உன் பெரிய சார்ட் அட்டை வந்தது. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் நம் வரிசை. எல்லோரையும் ஒட்டியிருக்கிறாய். டிபன் பையை இடுக்கிக்கொண்டு உர்ரென்று நிற்பது நான்தான், அதில் சந்தேகமே இல்லை. வரிசையின் கடைசியில் மட்டும் பென்சில் கோடு. தோளும் ஜடையும் தெரிந்தன. உள்ளே வெறும் வெள்ளை.

உன்னை ஒட்ட எந்தத் தாளை எடுத்துவைத்திருந்தாய், மாரி? எந்தக் கவரில் இருந்தது? நான் பிரித்த பிரிப்பில் அது இப்போது எங்கே கிடக்கிறது? ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தேன். எல்லாமே நீயாகத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தார், உன் மாமாவோடு. உன் கட்டில் நுனியில் உட்கார்ந்து மெத்தையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் மூன்று டப்பாவையும் முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்தார். முதல் டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தார். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. போச்சு, காகிதத்தை விட்டுவிட்டு டப்பாவைத்தான் கொண்டுபோகப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒட்டுனது ஒண்ணும் இல்லையா தாயி?" என்றார்.

அட்டையை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு முகமாக விரலை வைத்துப் பார்த்தார். என்னிடம் வந்ததும், "இது நீதான். போன்ல சொல்லுவா, எக்கா மூஞ்சி எப்பவும் இப்படித்தான் இருக்கும்னு" என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார், தெரியுமா? அப்புறம், "இதுல எம்புள்ள எங்க?"

கடைசியில் இருந்த கோட்டைக் காட்டினேன். அவளுக்கென்று தாள் வைத்திருந்திருப்பாள், நான்தான் எல்லாவற்றையும் கலந்துவிட்டேன் என்று சொன்னேன். அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. பையிலிருந்து ஒரு பழஞ்சேலையை எடுத்து விரித்து, காகிதத்தையெல்லாம் அதில் அள்ளி வைத்துத் தளர்வாகக் கட்டினார். சிந்திய துண்டைக்கூட விடவில்லை.

"டப்பா உனக்கு ஆவும், வச்சுக்கோ. இத நான் மடியில வச்சுக் கொண்டுபோறேன்."

ஆட்டோ வந்தது. அட்டையை மாமா வாங்கிக்கொண்டார். ஏறப் போன அம்மா திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். "எனக்கு ஒட்டத் தெரியாதும்மா. லீவு கெடச்சா வா. பசைய நான் காய்ச்சி வைக்கேன். ரெண்டு பேருமா இருந்து அவள ஒட்டிருவோம்."

வருகிறேன் மாரி. சூப்பர்வைசர் முறைத்தாலும் சரி, ஓவர்டைம் காசு போனாலும் சரி, பொங்கல் லீவுக்கு உங்கள் வீட்டில் இருப்பேன். எந்தத் தாள் என்று நீ சொல்லப் போவதில்லை. அம்மா எதைக் கையில் எடுத்துக் கொடுக்கிறாரோ, அதையே உனக்கு வெட்டுகிறேன்.

உன் கூடப்பிறக்காத எக்கா,
தேவகி