மாமா சொன்ன பொய்யான இடம்

அன்புள்ள மினோரிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஸப்போரோ பனியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மா காய்ந்த கணவாய் மீன் அனுப்புகிறாள், அந்தப் பெட்டியிலேயே இதையும் வைக்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் கத்துவேன், அதனால் கடிதம். முதலில் ஒன்று, ஹீட்டரையும் ரைஸ் குக்கரையும் ஒரே பிளக்கில் போடாதே, அந்த வயர் தாங்காது, இதை மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் வட கொரியா மறுபடியும் ஏவுகணை விட்டதை டிவியில் பார்த்திருப்பாய். நம் மீன்பிடி உரிமைக் கடலுக்குள் விழுந்தது, கப்பல்களுக்கு எந்த பாதிப்பும் இல்லை, அரசு கடும் எதிர்ப்பு தெரிவித்தது என்று வாசித்தார்கள். அந்த 'பாதிப்பும் இல்லை' நான் எழுதிக் கொடுத்தது. ஏவியதும் எங்கள் மீனவர் சங்க வானொலி நிலையத்திலிருந்து ஒவ்வொரு படகையும் கூப்பிட்டு நலமா, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு மேலே அனுப்ப வேண்டும், இந்த வருடம் எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஆளில்லாத கடலில் சுட்டாலும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று உலகச் சட்டம் இருக்கிறது. அவர்கள் ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

உன் தொகுஜி மாமாவும் தன் படகிலிருந்து பதில் சொன்னார், நலம், தெற்கே இன்ன இடம் என்றார், எழுதிக்கொண்டேன். நீ இந்த ஊரில் பிறந்தவள், உனக்கே தெரியும், கணவாய் கிடைக்கிற இடத்தை எந்தப் படகுத் தலைவனும் வானொலியில் உண்மையாகச் சொல்ல மாட்டான். சொன்னால் நம் ஊர்ப் படகுகளும் வரும், எல்லை தாண்டித் திருட வருகிறவர்களும் ஒட்டுக்கேட்டு வருவார்கள். இருப்பிடம் காட்டும் கருவியையும் அணைத்துவிடுவார்கள். அவர்கள் சொல்கிற இட எண் பொய் என்று எனக்கும் தெரியும், பத்து மைல் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள் என்று நினைத்து எழுதுவேன். மாமா நாற்பது கடல் மைல் தள்ளிச் சொல்லியிருக்கிறார்.

நான்கு நாள் கழித்துக் கரைக்கு வந்தவர் நேரே என்னிடம் வந்தார். "மாப்பிள்ளே, கடல் அப்படியே எழுந்து நின்னுச்சுய்யா, அப்பறந்தான் சத்தம் வந்துச்சு" என்றார். இடையில் எத்தனை நொடி என்று கேட்டேன், இருபது எண்ணினாராம். சத்தம் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் போகும், கணக்குப் போடு, விழுந்த இடம் ஏழு கிலோமீட்டர்கூட இல்லை. படகில் ஒன்பது பேர். நானோ பக்கத்தில் யாருமே இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

திருத்தி அனுப்ப அவர் கையெழுத்து வேண்டும். மூன்று நாள் மறுத்தார். "இத்தன வருசமா பேர் எடுத்தவன், சங்கத்துல நான் பொய்யன்னு நீயே எழுதி ஒட்டுவியா?" என்று கத்தினார். உன் அம்மா இரண்டு பக்கமும் சேராமல் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது, "அது உங்க தலையில விழுந்திருந்தா தேடுற கப்பல நாப்பது மைல் தள்ளி அனுப்பியிருப்பேன், ஒம்பது பேரும் தண்ணியில கத்திக்கிட்டு இருக்க, நாங்க சும்மா கிடக்கிற கடல்ல தேடியிருப்போம்" என்றேன். பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார், தேநீரைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

திருத்தத்தை அனுப்பிவிட்டு மேலிடத்துக்குப் போன் செய்தேன். அந்த அதிகாரி, "எதிர்ப்புக் கடிதம் போயாச்சுங்க, அடுத்த தடவை சேத்துக்கலாம்" என்றார். அடுத்த பஸ் வருவதைச் சொல்வது போலச் சொன்னார். கத்தக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

மாமா மறுபடி கடலுக்குப் போனார். நேற்று முன்தினம் மாலை அழைப்பில் எல்லோரும் கேட்கிற அலைவரிசையிலேயே தான் இருக்கிற இடத்தை எண் மாற்றாமல் உள்ளபடியே சொன்னார். உடனே பக்கத்துப் படகுத் தலைவர், "தொகுஜி அண்ணே, காய்ச்சலா?" என்று கேட்டார், எல்லாப் படகிலும் சிரிப்பு. விடிவதற்குள் நம் ஊர்ப் படகுகள் நான்கு அவரைச் சுற்றிக் கணவாயை இழுக்கிற விளக்குப் போட்டு நின்றன, அவருக்கு வழக்கத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை. நேற்றும் உண்மையான எண்ணைத்தான் சொன்னார், என்னிடம் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. வரைபடத்தில் அவர் படகுக்கு மட்டும் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். மற்ற பதினோரு படகும் இன்று உண்மையில் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு, உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். மாமா கரைக்கு வந்ததும் அவரிடம் பேசு, எவ்வளவு பிடித்தீர்கள் என்று மட்டும் கேட்காதே.

உன் அப்பா,
ஹிசாடா