டட்சனுக்கு வந்த தீட்டு

பிரிக்பீல்ட்ஸ்,
9.3.1986, ஞாயிறு.

அன்பு மிக்க உங்களுக்கு, சீதா எழுதுவது.

ஆள் செத்த வண்டி என்று தெரிந்தும் நம் பிள்ளையை அதில் ஏற்றி அனுப்ப உனக்கு மனம் வருமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பேய் பிசாசை நம்பாதவள்தான் நான். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள், அதையே இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் "வரும்" என்று எழுதப் போனால் கை ஓடவில்லை. "வராது" என்று எழுதவும் பிடிக்கவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே வைத்துவிட்டு, இந்த இரண்டு நாளில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இங்கே மூவரும் சுகம். சமையலறைக் கூரை மறுபடி ஒழுகியது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்குப் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. மிரியில் வேலைக்குப் போன இடத்தில் உங்கள் சாப்பாடு எப்படி என்று நான் கேட்டால் நீங்கள் எழுதுவதே இல்லை. முதுகுவலிக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்கிறீர்களா என்றாவது எழுதுங்கள்.

கலா நாளைக் காலை காப்பார் மின்நிலையத்தில் வேலைக்குச் சேர வேண்டும். ஷிப்ட் வேலை. பகலில் ஓடும் பஸ்ஸை நம்பி அதைப் பார்க்க முடியாது. சொந்தக் கார் இருக்கிறதா என்று நேர்முகத்திலேயே கேட்டார்கள், இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கார் இல்லையென்றால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். கோலாலம்பூரிலேயே ஏதாவது ஆபீஸ் வேலை பார்க்கட்டும் என்று நீங்கள் எழுதியதை அவளிடம் காட்டினேன். படித்தாள். மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த டட்சன் காரைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். விற்கிறவர் ரமணி என்ற பெண், அம்பாங்கில் ஒரு பள்ளி ஆபீஸில் கிராணி. கலா அவர் வீட்டு வாசலில் சாக்கைப் போட்டுப் படுத்துக் காரின் அடிப்பக்கம் முழுவதும் பார்த்துவிட்டு, துரு இல்லை, என்ஜின் நன்றாக இருக்கிறது என்றாள். ரமணி நல்லவர். மறைத்து விற்க மனமில்லை என்று அவராகவே சொன்னார். இந்த வண்டியில் ஏதோ இருக்கிறதாம், யாரோ அதில் செத்திருக்கிறார்களாம். தனக்கு விற்ற, கிள்ளானில் டயர்க்கடை வைத்திருக்கும் சீனத் தௌக்கே அப்படித்தான் சொன்னாராம். இதைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

கலா இதைச் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். உங்கள் அக்கா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அன்றைக்கே உங்களுக்குக் கடிதம் எழுதினார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதற்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தவள் நான்தான்.

உங்கள் பதில் வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, கலா என்னிடம் கேட்டாள்: "யார் செத்தாங்கன்னு போய்க் கேட்டுட்டு வந்துடலாமாம்மா?" இதென்ன வீண் வேலை என்றுதான் நினைத்தேன். செத்தவர் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அவள் ரமணிக்குப் போன் செய்துவிட்டாள். விசாரித்து முடிக்கும்வரை காரை வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரும் கொடுத்துவிட்டார். அக்கா நம் கேட் முன்னால் நிறுத்த விடவில்லை. பக்கத்து வீட்டு வேலியோரம் நிறுத்தினோம்.

சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனோம். தௌக்கேயின் பெயர் ஆ செங். காரைப் பார்த்ததும் சிரித்தார், பிறகு இரண்டடி தள்ளி நின்று பேசினார். ஆறு வருடம் ஓட்டியிருக்கிறார், ஒரு கோளாறும் இல்லை. இருட்டிய பிறகு மட்டும் எடுக்க மாட்டாராம், மனைவியை ஏற்ற மாட்டாராம். காப்பார் பக்க ரப்பர் தோட்டத்து டிரசரிடம் வாங்கியதாகச் சொன்னார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற, மருந்து கொடுக்கிற அந்த டிரசர், இதில் ஏதோ இருக்கிறது என்று காரைக் கொடுக்கும்போதே சொன்னாராம்.

நான் அத்தோடு திரும்பியிருப்பேன். கலா திரும்பவில்லை. யாராவது செத்ததாக டிரசர் சொன்னாரா என்று மலாயில் கேட்டாள். இல்லை. பேய் என்று சொன்னாரா? அதுவும் இல்லை. சரி, டிரசர் வாயிலிருந்து வந்த சொல் என்ன? தௌக்கே யோசித்துவிட்டு ஒரே சொல்லைச் சொன்னார்: "கோத்தோர்."

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோத்தோர் என்றால் அழுக்கு. ஆனால் இங்கே யாராவது குரலைத் தாழ்த்திக் கோத்தோர் என்றால் அது கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத்தான் குறிக்கும். தௌக்கே அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவர் சொன்னதற்கு ரமணி ஒரு பிணத்தையும் சேர்த்துக்கொண்டார்.

காருக்குத் திரும்பியதும் கலா சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். "டிரசர் தமிழ் ஆளு. மனசுல தமிழ்ல எதையோ நினைச்சுத்தானே மலாய்ல கோத்தோர்னு சொல்லியிருப்பாரு? வெறும் அழுக்குன்னா கழுவிட்டுப் போயிருப்பாரேம்மா." காப்பாருக்குப் போனால் தெரிந்துவிடும் என்று வண்டியை எடுத்தாள்.

டிரசர் ஓய்வு பெற்றுக் காப்பாரிலேயே வீடு கட்டியிருக்கிறார். நாங்கள் போனபோது கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவி நல்லம்மாள் வெளியே வந்தார். எங்களை வாங்க என்று சொல்வதற்கு முன்பே காரிடம் போய்விட்டார். இன்னும் ஓடுதா என்று அதனிடமே கேட்டார். கலா தயங்காமல், இதில் யார் செத்தது ஆன்டி என்று கேட்டுவிட்டாள்.

"செத்துச்சா? எவன் சொன்னான்? பொறந்துச்சும்மா, இந்தப் பின்சீட்டுல பொறந்துச்சு."

பத்து வருடத்துக்கு முன்னால், தைப்பூசத்துக்குச் சில நாள் இருக்கும்போது நடந்தது. இராஜம்மா என்ற பால்மரம் வெட்டும் பெண்ணுக்கு நள்ளிரவில் வலி வந்திருக்கிறது. டிரசர் தோட்டத்தில் இல்லை, ஆள் ஏற்றும் லோரியும் பழுது. நல்லம்மாள் அப்போதுதான் கார் பழகிக்கொண்டிருந்தார். எல் போர்டோடு அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு தனியாகக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கிறார். பாதி வழியில் குழந்தை வந்துவிட்டது. நிறுத்தி, இறங்கி, பார்க்க வேண்டியதைப் பார்த்து, தாயையும் பிள்ளையையும் கொண்டு சேர்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார். அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது பத்து வயது. தோட்டத்தில் அவளை இன்றைக்கும் டட்சன் என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

டிரசர் அந்த வருடம் காவடிக்கு விரதம் இருந்தார். பிள்ளை பெற்ற தீட்டு வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கிற மனுசன், தன் கார்ல ஒண்ணு பொறந்தா தீட்டாம்" என்றார் நல்லம்மாள். பூசம் முடிவதற்குள் தௌக்கேயிடம் விற்றாயிற்று. ஏன் விற்கிறாய் என்று அவர் கேட்டபோது, தீட்டுக்கு மலாயில் என்ன சொல்வது என்று தெரியாமல் டிரசர் சொன்னதுதான் கோத்தோர்.

அதற்குப் பிறகு தன்னை யாரும் ஓட்ட விடவில்லை என்றும், லைசென்ஸ் எடுக்கவே இல்லை என்றும் நல்லம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கலா சாவியை அவரிடம் நீட்டினாள். அந்த அம்மாள் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார். கியர் மாற்றும்போது சத்தமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். "பொறந்த தீட்டு பதினாறு நாள்ல போயிரும். இதுகூடத் தெரியாம பத்து வருசமா ஆளாளுக்குப் பயந்துக்கிட்டு! நீயாவது படிச்சவ, முன்னாலயே விசாரிச்சிருக்கக் கூடாதா?" என்று என்னைத் திட்டினார். இது அவருடைய சமாதானம் என்று உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவு நீளமாக எழுதியது காருக்காக இல்லை. பிள்ளைகளிடம், கேள்விப்பட்டதை நம்பாதே, சொன்னவன் யார் என்று பார் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. கலா அதைச் செய்து காட்டினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வரவில்லை, நம் வீட்டில் யாருக்கும் அது வராது. உங்களுக்கு எழுத வருகிறது.

உங்கள் பதில் வருவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். அதனால் அனுமதி கேட்கவில்லை, வண்டியை எடுத்துக்கொள்கிறோம் என்று ரமணியிடம் சொல்லிவிட்டோம். போய் வா என்று அவளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். எனக்கு எழுதுவதில் சேர்க்காமல், அவள் பெயர் போட்டுத் தனியாக எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
சீதாலெட்சுமி.

10.3.1986, திங்கள்.

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

விடியும் முன்பே அக்கா நான்கு எலுமிச்சம்பழத்தோடு கேட்டுக்கு வந்து, காரை நம் வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். தீட்டுத்தான் இல்லையே அத்தை, இது எதற்கு என்று கலா கேட்டாள். "இது வண்டிக்கு இல்லடி, ரோட்டுல வர்ற லோரிக்காரனுக்கு" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார்.

நானும் கூடப் போனேன். முன்சீட்டில் அவளுடைய ஹெல்மெட், பூட்ஸ், பைகள். நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். கிள்ளான் பாலத்தில் நெரிசல். அவள் ஹாரன் அடிக்கவே இல்லை. மின்நிலைய கேட்டில் நம் தமிழ்க் காவலர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு எனக்கு சல்யூட் வைத்தார். "மேடம், ஆபீஸ் வாசல்ல நீங்க இறங்கிக்குங்க. டிரைவர் பொண்ணு வண்டியை வெளிய கொண்டாந்து போடட்டும்" என்றார்.

கலா முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்து இறங்கினேன். "இன்ஜினியர் அவங்க. நான் அவங்க அம்மா" என்றேன். என் குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. கேட்டில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

காவலர் சிரித்துக்கொண்டே முன்பக்கம் போய் இன்னொரு சல்யூட் வைத்து, கேட் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார். கலா உள்ளே போனாள். நான் பஸ்ஸில் திரும்பினேன்.