பரீட்சைக்கு வந்த இதயம்

அக்கா,

உங்கள் மகள் நேற்று ஒரு பை மங்குஸ்தான் கொடுத்துவிட்டுப் போனாள். குற்றாலத்தில் இந்த வருஷம் சாரல் சீக்கிரமே தொடங்கிவிட்டதாம். உங்கள் பழக்கடையை இப்போது அவள்தான் போடுகிறாள். ஓ.பி.யில் கூட்டம் ஓய்ந்ததும் ஒரு பழத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். ஊதாச் சாறு தெறித்து வெள்ளைக் கோட்டில் பட்டது. "கறை போகாதுட்டி, கோட்டைக் கழத்தி வச்சிட்டுத் தின்னு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! நான் என்றைக்குக் கேட்டேன், நேற்றுக் கேட்க? நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அழுகை அப்போது வரவில்லை, நேற்று வந்தது.

உங்களைத் தெரியாதவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வடகரையில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நீங்கள், எங்கள் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் இறுதியாண்டுப் பரீட்சைக்குப் பத்து வருஷம் வந்து போனீர்கள். எழுத அல்ல, படுக்க. நோயாளியைத் தொட்டுப் பார்த்து, காது வைத்துக் கேட்டு, நோய் இன்னதென்று மாணவர்கள் சொல்ல வேண்டிய பரீட்சை அது. அதற்கென்று அடையாளம் தெளிவாக உள்ள நோயாளிகளைக் கூப்பிட்டுவிடுவார்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் ஒன்று உங்கள் இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. அந்த வால்வு போடும் சத்தத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் அவ்வளவு கிராக்கி.

நீங்களும் சும்மா வந்து படுக்கிற ஆளா? இடப்பக்கம் திரும்பு என்று சொல்லும் முன்பே திரும்புவீர்கள். மாணவன் ஸ்டெதாஸ்கோப்பைத் தப்பான இடத்தில் வைத்தால், "இன்னும் கொஞ்சம் கீழ வைலே, அங்கன என்ன இருக்கு?" என்பீர்கள். பேராசிரியர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் முழு விடையையும், இங்கிலீஷிலேயே, அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிடுவீர்கள். அது தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். அதை வேண்டாம் என்று சொன்ன மாணவனை நான் பார்த்ததில்லை.

நான் உங்களிடம் வந்தது இரண்டாம் தடவைப் பரீட்சைக்கு. முதல் தடவை மருத்துவத்தில் தோற்றிருந்தேன். தென்காசியில் என் அப்பா, தெருவில் யார் கேட்டாலும் "ரிசல்ட் இன்னும் வரலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது! இந்தத் தடவையும் போனால் என்னை வீட்டோடு உட்கார்த்தி, கையோடு ஒரு மாப்பிள்ளையையும் பார்த்துவிடுவார்கள். ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு தடவை கீழே போட்டேன்.

"என்னட்டி இப்படி வெடவெடங்க? சாப்பிட்டியா இல்லையா?" என்று கேட்டீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பயப்படாத. மைட்ரல் வால்வு சுருக்கம். நாடி ஒழுங்கா அடிக்கும். உனக்கு முன்ன பார்த்த ரெண்டு பேரும் அதத்தான் எழுதிட்டுப் போறாவ" என்றீர்கள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விடை கிடைத்துவிட்டதே! பேருக்கு உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஓடியது, நின்றது, இரண்டு துடிப்பு சேர்ந்து வந்தது, பிறகு ஒன்றையும் காணோம். கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். நெஞ்சில் காது வைத்து இன்னொரு நிமிடம் எண்ணினேன். இதயம் அடித்ததில் பாதி நாடிக்கு வரவே இல்லை.

"அக்கா, நாடி ஒழுங்கா இல்லையே."

"ஒழுங்காத்தாம்ட்டி இருக்கும். பத்து வருசமா ஒழுங்கு."

"படபடப்பு இருக்கா?"

நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "ரெண்டு வாரமா இருக்கு. அத யாருட்டயும் சொல்லிராத. பிள்ளைய எல்லாம் ஒண்ணப் படிச்சிட்டு வந்திருக்கும், நான் புதுசா ஒண்ணச் சொன்னா குழம்பிராதா? பரீட்சை முடியட்டும், சாயந்திரம் பெரிய டாக்டர்ட்ட சொல்லிக்கிடுதேன்."

அக்கா, அந்த நிமிஷத்தில் எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் இருக்கிறதே! பிள்ளைகள் பாஸாக வேண்டும் என்பதற்காக நெஞ்சுக்குள் நடக்கிற கலவரத்தை மூடி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். கோபத்தோடு கூடவே பயம். எனக்கு முன் இரண்டு பேர் ஒழுங்கு என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு தடவை தோற்றவள் நான். என் விரலை நான் எப்படி நம்புவது?

பேராசிரியர் வந்தார். "நாடி?" என்றார். "ஒழுங்கே இல்லை சார். இவங்களை உடனே வார்டுக்கு அனுப்பணும்" என்றேன். பரீட்சையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அவர் என்னைப் பார்த்தார், உங்கள் மணிக்கட்டைப் பிடித்தார், விடவே இல்லை. பிறகு, "ஈசிஜி மெஷினைக் கொண்டு வாங்க" என்று சத்தம் போட்டார். உங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோது, "இன்னும் நாலு பிள்ளைய பாக்கணும்லா, எங்க கொண்டு போறிய?" என்று கத்திக்கொண்டே போனீர்கள்.

ஸ்கேனில் பார்த்தால், இதயத்தின் மேலறையில் ரத்தம் கட்டத் தொடங்கியிருந்தது. அது நகர்ந்து மூளைக்குப் போயிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். கட்டி கரைய மருந்து, பிறகு பலூன் விட்டு வால்வை விரித்தது, ஒரு பாடு பட்டு எழுந்தீர்கள். நான் பாஸானேன். பழைய ரிசல்ட்தான் பிந்தி வந்ததுபோல அப்பா "ரிசல்ட் வந்துட்டு" என்று தெருவுக்கே சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் எனக்கு அக்கா ஆனீர்கள். நான் மேல்படிப்பு முடித்து அதே ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தேன். ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு ஏன் வராமல் நின்றுவிடுகிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி தொடங்கினேன். ஒப்புதல் படிவத்தில் உங்கள் பெயருக்குப் பதில் எண் போட்டதும், "நம்பரா? நான் என்ன பஸ்ஸா?" என்று சண்டைக்கு வந்தீர்கள். எங்கள் கேள்வித்தாள் இருபது பக்கம். நீங்கள் ஒரே மூச்சில் பதில் சொன்னீர்கள்: "குற்றாலச் சீசன்ல எவ கடைய விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி இம்புட்டு தூரம் வருவா? தென்காசியிலேயே ரத்தம் எடுங்க, எல்லாரும் வருவாவ." நாங்கள் தென்காசியில் எடுத்தோம். வந்தார்கள். வராமல் நின்ற ஒருத்தியை, எல்லையோரப் புளியறைச் செக்போஸ்ட் பக்கம் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவளை, நீங்களே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தீர்கள்.

கடைசியில் நிமோனியாவோடு வந்து வார்டில் கிடந்தபோதும், மூச்சு வாங்க மாணவர்களைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். "கேளுங்க, கேளுங்க. நான் சொல்லுததை நம்பாதீய, காதுல விழுததைச் சொல்லுங்க" என்றீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

இன்றைக்குப் பரீட்சை. நான் கேள்வி கேட்கிறவள். எங்கள் துறையில் இப்போது ஒரு வழக்கம் உண்டு: பரீட்சைக்கு வருகிற ஒவ்வொரு நோயாளியையும், கதவு திறக்கும் முன், நான் உட்கார்ந்து புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பேன். "நேத்து மாதிரிதான் மேடம்" என்று சொன்னாலும் விடுவதில்லை. மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம்.

இரண்டாம் தடவை எழுதுகிற ஒரு பெண் வந்தாள். கீழப்பாவூர் அண்ணாச்சி ஒருவர் அவளுடைய கேஸ். நான் நெருங்கியதும் அவள் தடுமாறினாள்.

"மேடம், இவங்களே நாடி ஒழுங்குன்னு சொன்னாங்க. எனக்கு ஒழுங்கா தெரியலை."

உங்களை நினைத்துக்கொண்டேன். காலையில் பார்த்ததுதான், இருந்தாலும் மறுபடி பிடித்தேன். எண்ணினேன். ஒழுங்காகத்தான் இருந்தது, அக்கா. நடுங்கியது அவள் விரல்.

"உட்காரு. தண்ணி குடி. மறுபடி பாரு, ஒரு நிமிஷம் முழுசா" என்றேன். அவள் கண்ணை மூடி எண்ணினாள். பிறகு அவர் பக்கமோ என் பக்கமோ பார்க்காமல், "ஒழுங்கா இருக்கு மேடம், முதல்ல நான் சொன்னது தப்பு" என்றாள். மற்றதையும் சரியாகச் சொன்னாள்.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "நான் சொன்னதையே நம்பாம நிமிசம் எண்ணுது மேடம் இந்தப் பிள்ளை. இதுட்ட நம்ம உசிரக் குடுத்துட்டுத் தூங்கலாம். பாஸ் போட்டுருங்க" என்றார்.

போட்டேன், அக்கா.