அப்பா அணைக்காமல் விட்ட பொத்தான்

வில்லோ ஃபோர்க், சஸ்காட்செவன்
மார்ச், ஞாயிறு பிற்பகல்

என் அன்பு பிரென்னா,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் அப்பாவின் கையில் ஒட்டியிருக்கும் வில்லை அவருடைய சர்க்கரை அளவை அவர் போனுக்கும், அங்கிருந்து கடல் தாண்டி உன் போனுக்கும் அனுப்பிவிடுகிறது, அதனால் அவர் நலத்தைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை, என்னைவிட நீதான் முதலில் பார்க்கிறாய். என் நலத்துக்குத்தான் யாரும் இன்னும் செயலி செய்யவில்லை, ஆகவே நானே சொல்கிறேன், இடது முழங்கால் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது, மற்றபடி பசியும் வாயும் நன்றாகவே இருக்கின்றன. நீ அங்கே வெலிங்டனில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன மாதம் அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. அந்த ஊர்க் காற்றுதான் முகத்தை அப்படி இழுத்துவிட்டது என்று அப்பா சொல்கிறார், எனக்கு நம்பிக்கை இல்லை.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதில் விழாமல் ஊரைத் தாண்டுவது கடிதம் ஒன்றுதான். போன வாரம் நீ பேசியதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது, ஐஸ்மேல் கல்லைத் தள்ளும் கர்லிங் ஆட்டத்தில் தன் கல்லையே அடிக்கச் சொல்லியிருக்கிறார், போனில் தானே எதையோ மாற்றிவிட்டு அதையும் மறந்திருக்கிறார், இனிமேல் பனியில் வண்டி ஓட்டக் கூடாது, ஏப்ரலில் நீ வந்து எங்களைச் சஸ்கட்டூனில் வயதானவர்களுக்கான குடியிருப்பில் சேர்த்துவிட்டுத்தான் திரும்புவாய் என்றாய். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிம்மா, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு கொட்டகைக்குப் போய் டிராக்டர் பக்கத்தில் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நின்றுகொண்டிருந்தார், நான் போய்த்தான் கூட்டிவந்தேன். பிரென்னா, உன் அப்பா உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். நானும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தப் பொய்யால் அவர் வீட்டையே இழக்கப் போகிறார் என்றால் சத்தியமாவது ஒன்றாவது, இதோ எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

கோ-ஆப் கடையின் காலைக் காப்பிக் கூட்டம் உனக்குத் தெரியும், தோல் குவளையில் பகடையைக் குலுக்கி உருட்டி, தோற்றவர் எல்லோருக்கும் காப்பி வாங்குவது. நீ ஊரைவிட்டுப் போன பிறகு அந்த மேசையில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. அப்பாவைப் போலவே இப்போது அவருடைய கர்லிங் கூட்டாளி ஓரெஸ்ட்டுக்கும், கர்லிங் அரங்கில் கேன்டீன் நடத்தும் டொனெல்டாவுக்கும் கையில் வில்லை. மூன்று பேருக்கும் ஒரே செயலி, சர்க்கரை இறங்கினால் அலறுவது. மூவரும் தங்கள் போனில் தானாக அப்டேட் ஆகும் பொத்தானை அணைத்து வைத்திருக்கிறார்கள். அப்டேட்டே வேண்டாம் என்பதற்காக இல்லை, அதைத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும். புதிதாக ஒன்று வந்தால் பகடையை உருட்டுவார்கள். தோற்றவர் முதலில் போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு வாரம் பழையபடி விரலில் குத்தி ரத்தம் பார்த்து, போன் சொல்வது சரிதானா, அலறவேண்டிய நேரத்தில் அலறுகிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற இருவரும் காலையிலும் மாலையிலும் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எல்லாம் சரி என்றான பிறகுதான் அவர்கள் போடுவார்கள். ஓரெஸ்ட் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புதிதாக என்ன மாற்றியிருக்கிறார்கள் என்ற குறிப்பை உரக்கப் படிப்பார். அதில் பெரும்பாலும் சில பிழைகள் சரிசெய்யப்பட்டன என்று மட்டும்தான் இருக்கும். "என்ன பிழைன்னு மூச்சு விடறானா பாரு, திருட்டுப் பய!" என்று மேசையைத் தட்டுவார்.

முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டிராக்டர் வாங்கும்போதுகூட நீங்கள் இவ்வளவு யோசித்ததில்லையே என்றேன். அதற்கு ஓரெஸ்ட், "ஏம்மா லோர்னா, டிராக்டர் நாம தூங்கும்போது தானா எஞ்சினை மாத்திக்குமா?" என்று கேட்டார். டொனெல்டா விடுவாளா, "ஏரியில பனி தாங்குமான்னு பாக்க ஊரே ஒண்ணா இறங்குமா? ஒருத்தர் நடக்கணும், மத்தவங்க கயித்தைப் பிடிச்சுக்கணும், அவ்வளவுதான் விஷயம்" என்றாள். அன்றிலிருந்து அந்த மூன்று பேர்மேலும் எனக்குத் தனி மரியாதை. கையில் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், வேண்டாம் என்று தூக்கியும் எறியாமல், தட்டிப் பார்த்து ஏற்றுக்கொள்கிறார்கள். இதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் சொன்னதில்லை.

இனிதான் உனக்குக் கஷ்டமான பகுதி. உட்கார்ந்து படி. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது நீ ஒரு மாலை முழுக்க அப்பாவின் போனை மடியில் வைத்துக்கொண்டு எழுத்தைப் பெரிதாக்கினாய், வேண்டாததை அழித்தாய், என் படத்தை முகப்பில் வைத்தாய். பாத்திரம் துடைக்கும்போது என்னிடம், "அப்பா போன் கெடக்கிற கெடப்பு பயமா இருக்கும்மா, கதவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கற மாதிரி. நான் சரி பண்ணிட்டேன், இனிமே அதுவே பாத்துக்கும்" என்றாய். எழுத்து பெரிதானது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. நீ சரிசெய்தது அந்தப் பொத்தானை. அணைத்து வைத்திருந்ததை நீதான் போட்டுவிட்டாய், கண்ணே. நல்லதுக்குத்தான் செய்தாய், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பிப்ரவரிப் போட்டியில் நடந்ததை நீ தூரத்திலிருந்து பாதிதான் பார்த்தாய், மீதியைச் சொல்கிறேன். அரையிறுதி ஆட்டம், நம் கற்கள் சிவப்பு, எதிராளிகள் மஞ்சள். உன் அப்பா கேப்டன், ஐஸில் வரைந்த வட்டத்துக்குள் நின்று எந்தக் கல்லை அடிக்க வேண்டும் என்று ஐஸ் தேய்க்கும் துடைப்பத்தை வைத்துக் காட்டுகிறார், அந்தக் கடைசியில் குந்தியிருந்து ஓரெஸ்ட் கல்லைத் தள்ளப் போகிறார். நான் மேலே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பா துடைப்பத்தை நம் சிவப்புக் கல்லின்மேல் வைத்துக் காட்டினார். அரங்கமே சிரித்தது. "டெல்மர், அது நம்ம கல்லுய்யா! அந்தப் பக்கத்து ஆளுங்க என்ன வாங்கிக் குடுத்தாங்க உனக்கு?" என்று ஓரெஸ்ட் கத்தினார். அப்பா மறுபடியும் அதே கல்லைக் காட்டினார். அப்போதுதான் ஓரெஸ்ட் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். அதே நேரத்தில்தான் கேன்டீன் சுவரிலிருந்த போன் அடித்திருக்கிறது. பள்ளிக்கூட நாளில் நீ அங்கே தட்டு கழுவியபோது மனப்பாடம் செய்த எண், இத்தனை வருடம் கழித்தும் உன் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. "அப்பா போனை எடுக்கலை, அம்மாவும் எடுக்கலை, சர்க்கரை இறங்கிக்கிட்டே இருக்கு, ஓடுங்க" என்று நீ சொன்னதாக டொனெல்டா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் போனைத் தொங்கவிட்டுவிட்டு ஆரஞ்சுச் சாற்றை எடுத்துக்கொண்டு, போட்டிருந்த ஷூவோடு ஐஸ்மேல் ஓடினாள். பிரென்னா, டொனெல்டா! வெளி ஷூவோடு ஐஸில் கால் வைத்ததற்காக மேயரையே வாசல்வரை துரத்தியவள்! கீழே வைக்க மறந்த கரண்டியிலிருந்து அவள் பின்னால் பீட்ரூட் சூப் சிவப்பாகச் சொட்டிக்கொண்டே போனதைப் பார்த்தபோதுதான் எனக்கு உயிர் போய்விட்டது. நான் படியிறங்கிப் போவதற்குள் ஓரெஸ்ட் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார், டொனெல்டா பிள்ளைக்குப் புகட்டுவதுபோல் புகட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா கண்ணைச் சிமிட்டி, "யாரு கல்லைத் தள்ளணும் இப்ப?" என்று கேட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

கொக்கியில் மாட்டியிருந்த ஜாக்கெட்டிலிருந்து அப்பாவின் போனை ஓரெஸ்ட் எடுத்துப் பார்த்தார். முந்தின இரவே செயலி தன்னைத்தானே மாற்றிக்கொண்டிருக்கிறது. மாற்றிக்கொண்டபின் பழைய அனுமதிகளை மறந்துவிட்டு, நான் சத்தம் போடலாமா என்று திரையில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. அப்படி ஒன்று வரும் என்று அப்பாவுக்குத் தெரியாது, அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அளவையெல்லாம் உனக்கு ஒழுங்காக அனுப்பிக்கொண்டு, போனுக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் வாய்மூடி இருந்திருக்கிறது. ஓரெஸ்ட் உள்ளே போய்ப் பொத்தானைப் பார்த்துவிட்டு, "எவன்யா இதைப் போட்டது?" என்று கூரை அதிரக் கத்தினார். அப்பா போனை வாங்கிப் பார்த்தார். பெரிய எழுத்தையும் என் படத்தையும் பார்த்தார், யார் கை என்று அவருக்குப் புரிந்துவிட்டது, அவர் முகத்திலேயே எனக்குத் தெரிந்தது. "நான்தான்யா. கண்ணாடி போடாம எதையோ அமுக்கித் தொலைச்சிருப்பேன்" என்றார்.

காப்பிக் கூட்டம் அவரைச் சும்மா விடவில்லை. வருகிற அப்டேட்டுகளுக்குப் பகடையே வேண்டாம், டெல்மர்தான் முதல் ஆள் என்று தீர்ப்பாகிவிட்டது. யார் சிவப்பாக எதைக் கொண்டுவந்தாலும், "டெல்மர், இது யாரோடதுன்னு சொல்லு பாப்போம்" என்கிறார்கள். எதிலும் ஒரு சொல் பொறுக்காத மனிதர், எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார். அன்று வண்டியில் நான் பொரிந்து தள்ளினேன், உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் பாதையைப் பார்த்துக்கொண்டே, "அவ போன் பண்ணலைன்னா நான் இன்னைக்கு இல்ல லோர்னா. என்னைக் காப்பாத்தின பொண்ணுகிட்டப் போயி உன்னாலதான்னு சொல்லச் சொல்றியா?" என்றார். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அந்த நிமிடம்போல் அவர்மேல் எனக்கு ஆசை வந்ததில்லை. மகளிடம் இதையெல்லாம் எழுதுகிறேனே என்று நீ முகம் சுளித்தாலும் சரி.

ஆகவே அவருக்கு ஞாபகமும் தப்பவில்லை, ஒன்றும் தப்பவில்லை. சர்க்கரை அவ்வளவு இறங்கினால் நீயும் நானும்கூடச் சிவப்பை மஞ்சள் என்போம். சஸ்கட்டூன் குடியிருப்புக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. உட்கார்ந்து அழாதே, அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆரம்பித்து என்னையும் காட்டிக்கொடுக்காதே. உன் பேச்சிலும் நியாயம் உண்டு, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்கக் கூடாதுதான். பூட்டை எப்போது மாற்றுவது என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு மாற்று. உங்கள் அலுவலகத்தின் பேருந்துச் சீட்டுச் செயலி இனி யாரையும் கேட்காமல் தானே மாறிக்கொள்ளும் என்று நீ பெருமையாகச் சொன்னாயே, அதைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் அடுத்த முறை உன் அப்பாவை நினைத்துக்கொண்டு வாயைத் திற. அவ்வளவுதான் என் புத்திமதி, பிறகு உன் இஷ்டம்.

ஏப்ரலில் வரத்தான் வேண்டும், எங்களை மூட்டை கட்ட அல்ல, காப்பி மேசையில் உட்கார. புது அப்டேட் ஒன்று வந்து காத்திருக்கிறது, ஐஸ் உருகி ஆட்டமெல்லாம் முடிந்தபின், ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை மதியம் அப்பா அதைப் போட்டுக்கொள்ளப் போகிறார். போன வாரம் அவரும் ஓரெஸ்ட்டும் போனைப் பிரித்து மேய்ந்து, எது இருக்கலாம் எது கூடாது என்று ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்து அணைத்துக்கொண்டு வந்தார்கள். உன் போனுக்கு அளவு போகும் பொத்தான் வந்தது. "நியூசிலாந்துல இருக்கிற பொண்ணு உன் ரத்தத்தை எதுக்குய்யா பாக்கணும், அணைச்சுடு" என்றார் ஓரெஸ்ட். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதை நன்றாகப் பார்த்தார். "அது இருக்கட்டும்" என்றார், அடுத்ததற்குப் போய்விட்டார்.

நீ எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் குளிர நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உன் தலைக்கு மேலே எப்போதும் உண்டு. கம்பளிக் காலுறை தனிப் பொட்டலமாக வருகிறது, போட்டுக்கொள். ஒருவேளை ஏப்ரலில் வர முடியாமல் போனால் ஒன்றை மட்டும் மறக்காதே, எங்களுக்குச் சனி மதியம் என்றால் உனக்கு ஞாயிறு விடிகாலை. அன்றைக்கு உன் போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு தூங்கு.

உன் அம்மா,
லோர்னா