படத்தில் என் கை

ஜூன் 14

ஏட்டி தவக்களை, குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது. சிப்ஸ் கடையில் நல்ல கூட்டம். உன் கூட ஆராய்ச்சி பண்ணின ஷெர்லின் வந்து செல்போனை நீட்டினாள். நீ ஓடை ஓடையாக அலைந்து கண்டுபிடித்த தவளை, பெரிய ஆய்விதழில் கட்டுரையாக வந்திருக்கிறது. உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய சார் பேர் இருக்கிறது. இன்னொரு ஆள் பேரும் இருக்கிறது. உன் பேர் இல்லை.

அன்றைக்கு என்னைப் பிடிக்கச் சொல்லி நீ எடுத்த படம்தான்; அந்தத் தவளை என் கையில்தான் உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் தெறித்த தழும்பு அப்படியே தெரிகிறது. என் கை வந்திருக்கு, உன் பேரு வரலையே!

ஜூன் 17

திருநெல்வேலிக்குப் போய் சாரைப் பார்த்தேன்.

"பேர் வர்ற எல்லாரும் சம்மதக் கையெழுத்து போட்டாத்தான்மா கட்டுரையை எடுப்பாங்க. இறந்தவங்க எப்படிப் போடுவாங்க? கடைசியில நன்றின்னு அவ பேரைப் போட்டிருக்கேனே."

"நன்றி வாங்கவா சார் எம்மவ அட்டை கடிக்கக் கடிக்கக் காட்டுல கெடந்தா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஜூன் 18

இரண்டு ஈடு சிப்ஸ் கருகிவிட்டது. அழவில்லை.

ஜூன் 21

இதழுக்குப் புகார் எழுத ஷெர்லினைக் கூப்பிட்டேன். நான் சொல்ல அவள் இங்கிலீஷில் எழுதினாள். நீ எடுத்த படங்கள், சாருக்கு நீ அனுப்பிய மெயில் எல்லாம் சேர்த்தாள். அனுப்பப் போனவள் செல்போனைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கும் அவர்தானே சார்.

"அத்தை, என் படிப்பை நிறுத்திருவாரு."

"என் பேரைப் போடு. அஞ்சாங்கிளாஸ்காரி. என்னைய எந்தப் படிப்பில இருந்து நிறுத்துவான்ட்டி?"

சிரித்துவிட்டாள். நீ போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

ஜூலை 9

சார் போன். "என்கிட்டயே கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டேன்லா சார். நன்றிதானே தந்திய."

வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30

இதழிலிருந்து பதில் வந்துவிட்டது. ஷெர்லின் வாசித்துச் சொன்னாள். இறந்தவர் பேரை விடக் கூடாதாம். வீட்டார் சம்மதித்தால் போதுமாம். பேரை விட்டது தப்பு என்று அவர்களே அச்சிடுவார்கள். மாரிச்செல்வி என்று உன் பேர்தான் முதலில் வரும்.

ஒன்றே ஒன்று. பேருக்குப் பக்கத்தில் சிலுவை போல ஒரு சின்னக் குறி போடுவார்களாம். இவள் உயிரோடு இல்லை என்று அதற்கு அர்த்தமாம். அதற்கும் என் சம்மதம் வேண்டுமாம்.

சார்கிட்ட மல்லுக்கு நின்னேன், பயமில்லை. இதுக்கு வாய் வரலட்டி.

சரின்னு சொல்லட்டுமா, தவக்களை?