சூசை சித்தப்பாவுக்கு நான் செய்த சாய்வுப் பலகை

என் உயிரான அம்மாவுக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. கல்லறையில் வந்து முணுமுணுப்பதைவிட, ஊர் கேட்க எழுதிவிடலாம் என்று தோன்றியது. சூசை சித்தப்பாவை வாய் திறக்க வைத்துவிட்டேன், அம்மா.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். என் அப்பா, நம்ம நைனா, நொச்சிக்குப்பத்தில் படகு பழுதுபார்க்கும் தச்சர். அவர் ரம்பத்தின் மறுமுனையைப் பத்து வருடம் பிடித்தவள் நீ. நைனாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் அவர் தம்பி சூசை வந்தார். அவரும் தச்சர்தான். உளியும் இழைப்புளியும் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "பொம்பளைக்கு உளி இன்னாத்துக்கு அண்ணி? மீன் அறுக்கவா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார்.

நீ ஒரு உடைந்த ரம்பத் துண்டில் கிழிந்த புடவையைச் சுற்றிப் பிடி போட்டாய். சுத்தியலுக்கு ஒரு கருங்கல். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் வீசிய ஆப்பிள் பெட்டிகளைப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, என்னை உட்காரவைத்து நிமிர்த்தச் சொன்னாய். "முனைய லேசா மழுக்கிட்டு அடிடீ, பலகை பிளக்காது." எனக்கு ஒன்பது வயது. இன்றும் அடையாறில் யார் வீட்டு அலமாரிக்கு ஆணி எடுத்தாலும் என் கை முதலில் முனையைத்தான் தட்டுகிறது.

அந்தக் கல்லையும் துண்டு ரம்பத்தையும் வைத்தே ஒரு வள்ளத்தின் பக்கப்பலகையை மாற்றிக் கொடுத்தாய். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் சித்தப்பா கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "தாலியறுத்தவ கை வெச்ச படகு. ஏறினா கரை சேர மாட்டே."

கடலுக்குப் போகிறவனின் பயம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு படகுக்காரரும் உன்னைக் கூப்பிடவில்லை. மீன் கூடையோடு ரோட்டோரம் உட்கார்ந்தாய், சாகும்வரை. சித்தப்பாவை மன்னித்துவிடேன் என்று ஒருமுறை சொன்னேன். "மன்னிக்கிறதுக்கு நான் இன்னா மாதாவா?" என்றாய்.

போன மாதம் சித்தப்பாவின் மகன் அந்தோணி என் மந்தைவெளிப் பட்டறைக்கு வந்தான். சித்தப்பா விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். வாசலில் மூன்று படி. சிமெண்டில் சரிவு கட்டினால் குறுகின சந்து அடைபட்டுப் போகும். "ரெண்டு பேர் பாத்துட்டு முடியாதுன்னு போய்ட்டாங்கக்கா. வூட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்குது. நீதான் ஏதாச்சும் பண்ணணும்."

போய் அளந்தேன். கீல் வைத்து மடித்து, சுவரோடு சாத்தி வைக்கிற பலகை போதும். நீயாக இருந்தால் பார்த்ததுமே சொல்லியிருப்பாய்.

"செஞ்சு தர்றேன் சித்தப்பா. ஆனா நைனா பெட்டி திரும்பி வரணும். அம்மாவைப் பத்தி நீ சொன்னது பொய்னு, மீன் விக்கிறவங்க முன்னாடி உன் வாயால சொல்லணும்."

"அதெல்லாம் பழைய கதைம்மா."

"உனக்குப் பழசு."

எழுந்து வந்துவிட்டேன். பதினோரு நாள் வேண்டுமென்றே அந்தச் சந்து வழியாக வண்டி ஓட்டினேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவர் முகம் தெரியும். கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும், அவருக்கு அதன் சத்தம் மட்டும்தான். எனக்கு இனித்தது அம்மா, உன்னிடம் என்ன மறைப்பு? ஒரு நாள் கம்பியைப் பிடித்து எழப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். வண்டியை நிறுத்தினேன். பிறகு கிளப்பிவிட்டேன். நீ என்ன செய்திருப்பாய்?

பன்னிரண்டாம் நாள் அந்தோணி பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். "சொல்றேன்னு சொல்லிச்சுக்கா."

பலகையில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. நல்ல மரம், வழுக்காமலிருக்கக் குறுக்கே பட்டைகள். பலகை ஆடினால் பேசப்போவது உன் பெயரைத்தானே? அதில் இறங்கித்தான் அவர் ரோட்டுக்கு வந்தார். நீ செய்து கொடுத்த முக்காலிகளில் உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஏதோ முனகினார். உன் பக்கத்தில் கடை போட்டிருந்த மேரியக்கா விடவில்லை. "காதுல வுழல சூசை, சத்தமா சொல்லு."

"எங்க அண்ணி கை ராசியில்லாத கைன்னு நான்தான் கட்டிவுட்டேன். பொய்யி. அவங்க வேலை என்னுதவிட சுத்தமா இருந்துச்சு. தாங்கல எனக்கு."

மேரியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்து, "மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல."

இன்றும் இல்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. ஆனால் இதைக் கேட்க நீ இல்லையே என்று அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவருடைய நாள் வரும்போது சவப்பெட்டியைக் கடையில் வாங்க விடமாட்டேன். நானே செய்வேன், என் வேலையிலேயே நல்ல வேலையாக. அதைத் தோளில் சுமக்கப் போகிறவர்கள் உன்னைக் கூப்பிடாத அதே படகுக்காரர்கள்தான். யார் செய்தது என்று கேட்பார்கள். எங்கம்மா கத்துக்குடுத்த வேலை என்று சொல்லுவேன்.

உன் ஒரே மகள்,
தச்சர் ஸ்டெல்லா